வில்லங்கம் கேட்ட தரகர்கள்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்றுதான் நம் முன்னோர் சொன்னார்கள். வீட்டை வாங்கிப் பார் என்று சொல்லவில்லை. அந்தக் காலத்தில் பலரும் பிறந்த வீட்டிலேயே வாழ்ந்து முடித்தார்கள். இல்லையென்றால் மனை வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். யாரோ வாழ்ந்த வீட்டை, முன்பின் தெரியாத வேறு யாரோ வாங்குவது நகரம் பெருத்த பிறகு பரவிய வழக்கம். அதோடு பெருகியவர்கள்தான் வீட்டுத் தரகர்கள்.

சென்னையையே எடுத்துக்கொள்வோம். 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் எழுந்தது. 1961இல் வீட்டுவசதி வாரியம் அமைந்தது. பிறகு அண்ணா நகர், கே.கே. நகர் என்று ஊர் விரிந்தது. அடுத்து அடுக்குமாடிகள் வந்தன. கிராமத்தில் எந்த நிலம் யாருடையது என்பது அந்தக் காலத்தில் கர்ணத்துக்கும் தெரிந்திருந்தது, அண்டை வீட்டாருக்கும் தெரிந்திருந்தது. நகரத்தில் அந்த விவரம் தெரிந்தவர் தரகர் ஒருவரே. டீக்கடை பெஞ்சும் சப் ரிஜிஸ்டிரார் ஆபீஸ் வாசலும்தான் அவருடைய அலுவலகம்.

தரகர் என்றால் நம்மில் பலருக்கு நல்ல எண்ணம் கிடையாது. அதற்கு நியாயமும் உண்டு. கிரயம் முடிந்தால்தான் அவருக்கு நூற்றுக்கு 1 ரூபாயோ 2 ரூபாயோ கிடைக்கும். முடியாவிட்டால் அலைந்ததெல்லாம் வீண். எனவே "இந்த வீடு வேண்டாம் சார்" என்று சொல்லும் தரகர் தன் வருமானத்தைத் தானே கெடுத்துக்கொள்கிறார். அப்படிச் சொன்னவர்களும் இருந்தார்கள். அவர்கள் வழக்கமாகக் கேட்ட சில கேள்விகளில் நம் சொத்துச் சட்டங்களின் வரலாறே அடங்கியிருக்கிறது.

முதல் கேள்வி: "ஒரிஜினல் பத்திரம் எங்கே?"

வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் போதும் என்று நாம் நினைப்போம். பதிவான விவரம் மட்டுமே அதில் வரும். 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் சென்னை, கல்கத்தா போன்ற வணிக நகரங்களுக்கு ஒரு சலுகை கொடுத்தது. பத்திரத்தைக் கடன் கொடுத்தவரிடம் ஒப்படைத்தாலே அது அடமானம். அதைப் பதிவு செய்யவேண்டிய கட்டாயம் இல்லை. வியாபாரிகளுக்கு அவசரத்துக்குப் பணம் புரட்ட இது உதவியது. வீடு வாங்குபவருக்கோ இதுவே கண்ணுக்குத் தெரியாத குழி. சான்று சுத்தமாக இருக்கும். பத்திரமோ சேட்டுக் கடைப் பெட்டியில் கிடக்கும். அதனால்தான் விவரமுள்ள தரகர் ஜெராக்ஸ் பிரதியைக் கையாலும் தொடமாட்டார். தமிழ்நாட்டில் இத்தகைய அடமான ஒப்பந்தங்களுக்குப் பதிவு கட்டாயமானது 2012இல் வந்த திருத்தத்தால்தான். அதற்கு முந்தைய 130 ஆண்டுகளுக்கு அந்தக் கேள்விதான் பாதுகாப்பு.

இரண்டாவது கேள்வி: "கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர்?"

தகப்பனார் சொந்தமாகச் சம்பாதித்த சொத்தில், அவர் உயில் எழுதாமல் இறந்துபோனால், மகளுக்கும் சம பங்கு உண்டு என்று 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் சொல்லிவிட்டது. பூர்வீகச் சொத்தில், திருமணமாகாத மகள்களுக்கு 1989இல் தமிழ்நாடு பங்கு கொடுத்தது. 2005இல் வந்த மத்தியச் சட்டம் மணமான மகள்களையும் சேர்த்தது. சட்டம் மாறினாலும் வீடுகளில் பேச்சு மாறவில்லை. "அவளுக்குத்தான் கல்யாணத்திலேயே செய்துவிட்டோமே" என்பார்கள்.

எங்கள் பேட்டையில் ஒரு பெரியவர் தரகு பார்த்தார். ஒரு பழைய வீட்டுக்கு விலை பேசி முடிந்து, வாங்குபவர் அட்வான்ஸோடு வந்து உட்கார்ந்துவிட்டார். பத்திரத்தில் அண்ணன் தம்பி இருவர் பெயர் மட்டுமே எழுதியிருந்தது. பெரியவர் அந்த வீட்டு அம்மாவைப் பார்த்து, "பொண்ணு பம்பாயில இருக்காளேம்மா, அவ கையெழுத்து?" என்று கேட்டார். பதில் வரவில்லை. "அது வந்த பிறகு நானே கூப்பிடறேன்" என்று வாங்க வந்தவரை எழுப்பி அழைத்துப் போய்விட்டார். மகன்களுக்குக் கடுங்கோபம். ஆனாலும் கேள்வி காதில் விழுந்துவிட்டதே! சில மாதங்களில் மகள் பங்கைப் பெற்றுக்கொண்டு கையெழுத்திட்டார். வீட்டை வேறொரு தரகர் முடித்தார். பெரியவருக்கு ஒரு பைசா கமிஷன் இல்லை. கேட்டால், "வழக்கு போட்டா என் பேரைத்தானே சொல்லுவாங்க" என்பார்.

மூன்றாவது கேள்வி: "விற்கிறவர் நேரில் வருவாரா, பவரா?"

பொது அதிகாரப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு, அதையே கிரயம் போல நினைத்துக் குடியிருந்தவர்கள் ஏராளம். முத்திரைத் தாள் செலவு மிச்சம் என்பது கணக்கு. அதனால் உரிமை மாறாது என்று 2011இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று முதலில் விசாரித்து வந்த தரகர்களுக்கு இது புதுச் செய்தியல்ல.

விற்பவரிடம் கேட்கும் கேள்வி வேறு. "பட்டா இன்னும் அப்பா பெயரிலேயே இருக்கிறதா? வாரிசுச் சான்று வாங்கியாயிற்றா?" இவற்றை முடித்துவிட்டுச் சந்தைக்கு வந்தால் விலை பேச நமக்குத் தெம்பு இருக்கும், இல்லையென்றால் அதையே காட்டி அடித்துக் கேட்பார்கள். வயதானவர் விற்கிறார் என்றால் நல்ல தரகர் இன்னொன்றும் கேட்பார்: "வித்துட்டு எங்க இருக்கப் போறீங்க?" எந்தச் சட்டத்திலும் இல்லாத கேள்வி இது. பிள்ளைகள் வெளிநாட்டில், மாடி ஏற முடியவில்லை என்று வீட்டை விற்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இதுதான் முதல் கேள்வி. அடுத்த இருப்பிடம் முடிவாகாமல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது.

2016இல் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. அந்தச் சட்டப்படி பதிவாகவேண்டிய மனைப்பிரிவுகளையும் அடுக்குமாடிகளையும் விற்றுத்தரும் முகவர்கள் இப்போது பதிவு செய்துகொள்ளவேண்டும். பொய் சொல்லி விற்றால் தண்டனை உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நீங்களும் நானும் குடியிருக்கும் பழைய வீடு கைமாறும்போது அந்தச் சட்டம் அங்கே வருவதில்லை. அங்கே இன்றும் தரகரின் குணம்தான் துணை.

ஆகவே ஒரு தரகர் உங்கள் வீட்டுக்கு வந்தால், அவர் என்ன விலை சொல்கிறார் என்பதை அப்புறம் பாருங்கள். என்னென்ன கேட்கிறார் என்று முதலில் கவனியுங்கள். எதுவுமே கேட்காமல் "நாளைக்கே முடிச்சிடலாம் சார்" என்று சொல்பவருக்கு ஒரு காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.