கொயானியா நகரத்து நீல ஒளி

வைத்தியசாலை என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவன எவை? வெள்ளுடை உடுத்த தாதியர், மருந்தின் மணம், வரிசையாகக் கிடக்கும் கட்டில்கள் ஆகியனவே. அங்கே நாள்தோறும் கழித்து ஒதுக்கப்படும் பொருள்களின் கதி யாது என்று எண்ணுவோர் மிகச் சிலர். உலக சுகாதார தாபனத்தின் கணக்கின்படி, வைத்திய நிலையங்களிலிருந்து வெளியேறும் கழிவில் நூற்றுக்கு 85 பங்கு வீட்டுக் குப்பையை ஒத்ததே. எஞ்சிய 15 பங்குதான் தீங்கு பயப்பது. இரத்தம் தோய்ந்த துணி, பாவித்த ஊசி, காலங் கடந்த மருந்து, நச்சு இரசாயனம், கதிரியக்கப் பொருள் என்பன அப்பதினைந்தில் அடங்கும். இவற்றுள் அளவால் மிகச் சிறியதும், கண்ணாலும் மூக்காலும் தீங்கென்று அறியவொண்ணாததும் கதிரியக்கக் கழிவேயாகும். அது கேட்பாரற்றுக் கைவிடப்பட்டால் என்ன நேரும் என்பதை உலகம் 1987ஆம் ஆண்டிலே பிறேசில் நாட்டின் ஒரு நகரத்தில் கண்டது. அந்நகரின் பெயர் கொயானியா. பிறேசிலின் நடுப்பகுதியிலுள்ள கொயாஸ் மாநிலத்துக்கு அதுவே தலைநகரம். அந்நாளில் அங்கு ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் வாழ்ந்தனர்.

நடந்ததை விளங்கிக்கொள்வதற்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும். மேரி கியூரி அம்மையாரும் அவர்தம் கணவரும் 1898ஆம் ஆண்டில் றேடியத்தைக் கண்டறிந்தபின், அதன் கதிர்கள் புற்றுநோய்க் கட்டிகளைச் சுருங்கச் செய்யும் என்பதை வைத்தியர்கள் விரைவில் உணர்ந்தனர். றேடியமோ கிடைத்தற்கரியது, விலையும் மிகுதி. அணு உலைகள் தோன்றிய பின்னரே செயற்கைக் கதிரியக்கப் பொருள்கள் வேண்டிய அளவிற் கிடைக்கலாயின. 1951ஆம் ஆண்டில் கனடா நாட்டிலே கோபால்ற்று-60 என்னும் பொருளின் கதிர்களைக் கொண்டு நோயாளருக்குச் சிகிச்சை தொடங்கப்பட்டது. சில இயந்திரங்களில் கோபால்ற்றுக்குப் பதிலாகச் சீசியம்-137 என்னும் பொருள் இடம்பெற்றது. இவ்வியந்திரங்கள் உலகெங்கும் பரவி எண்ணற்றோரின் உயிரைக் காத்தன. இதனை மறத்தல் நன்றியன்று.

கொயானியாவில் இருந்த ஒரு தனியார் சிகிச்சை நிலையத்திலும் அத்தகைய சீசியம் இயந்திரம் ஒன்று இருந்தது. அதன் நெஞ்சத்தில் இருந்த பொருள் சீசியம் குளோரைட்டு என்னும் உப்பு. நிறை 93 கிறாம். ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும் அளவு! அவ்வுப்பு உருக்குச் சிமிழிலே அடைக்கப்பட்டு, ஈயத்தாலும் உருக்காலும் அமைந்த கனத்த உறைக்குள் வைக்கப்பட்டிருந்தது. உறைக்குள் இருக்கும்வரை அது மருந்து. உறையை விட்டு நீங்கினால் நஞ்சு.

1985ஆம் ஆண்டின் இறுதியளவில் அந்நிலையம் வேறிடத்துக்கு மாறிச் சென்றது. தன்னிடமிருந்த கோபால்ற்று இயந்திரத்தை உடன் எடுத்துச் சென்றது. சீசியம் இயந்திரத்தையோ பழைய கட்டடத்திலேயே விட்டுச் சென்றது. அனுமதி வழங்கிய அதிகாரிகளுக்கு அதனை அறிவித்தல் கடமையாயிருந்தும் அறிவிக்கவில்லை. பின்னர் அக்கட்டடத்தின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. இயந்திரம் மட்டும் காவலின்றி, ஏனென்று கேட்பாரின்றி அவ்விடிபாட்டினிடையே நின்றது. நின்ற காலம் ஏறக்குறைய இரண்டு ஆண்டு.

1987 செப்டெம்பர் 13ஆந் திகதி இளைஞர் இருவர் அங்கே சென்றனர். பழைய உலோகம் விற்றால் நாலு காசு கிடைக்கும் என்பதே அவர்தம் எண்ணம். கதிர்ப்பொருள் அடங்கிய பாகத்தைக் கழற்றி, கைவண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தனர். அன்றே இருவருக்கும் வாந்தி கண்டது. உண்ட உணவு ஒவ்வவில்லை என்று கருதினர். ஒருவருடைய கை வீங்கியபோது, அவரைப் பரிசோதித்த வைத்தியரும் உணவின் ஒவ்வாமையே காரணம் என்று கூறி அனுப்பினார். அவரைக் குறைகூற இயலுமா? கதிர்க்காயத்தைத் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் கண்டிராத வைத்தியர் பல்லாயிரவர் உலகில் உள்ளனர்.

செப்டெம்பர் 18ஆந் திகதி அப்பாகம் ஒரு பழைய இரும்பு வியாபாரியின் கைக்கு மாறிற்று. அன்றிரவு அவர் தம் முற்றத்தருகே அதனைப் பார்த்தபோது உள்ளிருந்து நீல ஒளி ஒன்று வீசக் கண்டார். இரத்தினமோ, தெய்வீகப் பொருளோ என்று வியந்து வீட்டினுள்ளே கொண்டுவைத்தார். அயலவரும் உறவினரும் அவ்வற்புதத்தைக் காண வந்தனர். நண்பர் ஒருவர் அரிசிமணி அளவான துண்டுகளைப் பெயர்த்தெடுத்தார். அவை பல குடும்பங்களுக்குப் பகிரப்பட்டன. கார்னிவல் திருவிழாவிலே மினுங்கும் பொடி பூசுவது அந்நாட்டார் வழக்கமாதலின், சிலர் அந்தத் தூளையும் மேனியிற் பூசிக்கொண்டனர். வியாபாரியின் சகோதரரும் சிறிது கொண்டுசென்று தம் வீட்டு மேசைமேல் வைத்தார். அவருடைய ஆறு வயது மகள் அதனைத் தொட்ட கையாலேயே உணவும் உண்டாள்.

நஞ்சென்று அறிந்து எவரும் அதனைத் தொடவில்லை. அழகென்று எண்ணியே தொட்டனர். ஒருவருக்கொருவர் அன்பினாற் பகிர்ந்தனர். அந்த அன்பின் வழியேதான் நஞ்சும் பரவிற்று. வியாபாரியின் மனைவி நோயுற்றபோது, அவரைப் பராமரிக்க வந்த தாயார் இரண்டு நாள் தங்கித் திரும்புகையில், தம்மை அறியாமலே அந்நஞ்சையும் தம் வீட்டுக்குக் கொண்டுசென்றார்.

இத்தனை பேரிடையே, உண்மையை முதலில் உய்த்துணர்ந்தவர் யார்? விஞ்ஞானியும் அல்லர், அதிகாரியும் அல்லர். நோயுற்றிருந்த அந்த மனைவியே. தம்மைச் சூழ்ந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக நோய்ப்படுவதை அவர் கவனித்தார். அவ்வொளிப் பொருள் வீட்டுக்கு வந்த நாளையும், நோய் தொடங்கிய நாளையும் மனத்தில் ஒப்பிட்டார். இதுவே காரணம் எனத் தெளிந்தார். செப்டெம்பர் 28ஆந் திகதி, எஞ்சிய பாகத்தை ஒரு பையிலிட்டு, வேலையாள் ஒருவர் அதனைத் தோளிற் சுமக்க, இருவருமாகப் பஸ்வண்டியேறி நகரச் சுகாதார அலுவலகத்துக்குச் சென்றனர். அங்கிருந்த வைத்தியரின் மேசைமீது பையை வைத்து, இப்பொருளே தம்மவரைக் கொல்கின்றது என்று அவர் முறையிட்டார். தோளிற் சுமந்த வேலையாளுக்கு அவ்விடத்தில் எரிகாயம் உண்டாயிற்று.

வைத்தியர் அப்பையை முற்றத்துக்கு அகற்றி ஒரு நாற்காலியில் வைப்பித்தார். வந்த இருவரும் வெப்பமண்டல நோய்களுக்கான வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டனர். அங்கே இதேபோன்ற குறிகளோடு வேறு சிலரும் முன்னரே சேர்க்கப்பட்டிருந்தனர். இவை கதிர்க்காயங்களாக இருக்கக்கூடுமோ என்ற ஐயம் அங்குள்ள வைத்தியர் ஒருவருக்கு எழுந்தது. அவ்வேளை நகருக்கு வந்திருந்த வைத்திய பௌதிகவியலாளர் ஒருவருக்குச் செய்தி எட்டியது. யுரேனியம் தேடுவோர் பயன்படுத்தும் கதிர் அளக்கும் கருவியொன்றை இரவல் பெற்று, மறுநாட் காலை அவர் புறப்பட்டார். சுகாதார அலுவலகத்தை அணுகுமுன்னரே கருவியின் முள் எல்லையைத் தாண்டி ஓடிற்று. கருவி பழுதென்று எண்ணித் திரும்பிச் சென்று வேறொன்று கொண்டுவந்தார். அதுவும் அவ்வாறே காட்டிற்று. பழுது கருவியில் இல்லை என்பது அப்பொழுதுதான் புலனாயிற்று.

அதற்குள் தீயணைப்புப் படையினர் வரவழைக்கப்பட்டிருந்தனர். பையை எடுத்து ஆற்றில் எறிந்துவிடுவதே அவர்கள் நோக்கம். பௌதிகவியலாளர் தக்க தருணத்தில் வந்து தடுத்தார். சீசியம் குளோரைட்டு நீரில் எளிதிற் கரைவது. அது ஆற்றில் விழுந்திருப்பின் நேர்ந்திருக்கக்கூடிய கேட்டை எண்ணிப் பார்க்கவே நெஞ்சம் நடுங்குகின்றது. சில நிமிடங்களில் ஓர் ஆறு தப்பியது.

பின்னர் நகரத்து விளையாட்டரங்கு பரிசோதனைக் கூடமாயிற்று. ஏறத்தாழ 1,12,000 பேர் அங்கே வந்து தம்மைச் சோதிப்பித்துக்கொண்டனர். அவர்களுள் 249 பேரின் உடலிலோ உடையிலோ சீசியம் கண்டறியப்பட்டது. கடுமையாகத் தாக்குண்டோர் றியோ டி ஜெனீரோவிலுள்ள கடற்படை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். சீசியம் உடலினுள்ளே பொற்றாசியத்தைப் போன்று நடந்து, தசைகளெங்கும் பரவும் இயல்பினது. அதனைப் பற்றி வெளியேற்றுவதற்கு, சாயத்தொழிலிற் பயன்படும் பிரஷ்ய நீலம் என்னும் பொருள் மருந்தாகக் கொடுக்கப்பட்டது. நீலமாய் ஒளிர்ந்த நஞ்சுக்கு நீலமே மாற்றாயிற்று. ஆயினும் நால்வரைக் காக்க இயலவில்லை. ஒக்டோபர் மாதத்திலே அந்த ஆறு வயதுச் சிறுமியும், பையைச் சுமந்துசென்று நகரைக் காத்த அப்பெண்மணியும், வியாபாரியிடம் வேலைசெய்த இளைஞர் இருவரும் உயிர்நீத்தனர்.

துன்பம் அம்மட்டில் ஒழியவில்லை. சிறுமியின் உடல் ஈயம் பதித்த பேழையில் வைத்துக் கொண்டுவரப்பட்டபோது, அடக்கம் செய்யவிடாது மக்கள் கூட்டம் கல்லெறிந்து மறித்தது. கொயாஸ் மாநிலத்து விளைபொருள்களை வாங்குவோர் குறைந்தனர். கொயானியாவிலிருந்து வந்தோருக்குப் பிற ஊர் விடுதிகள் இடந்தர மறுத்தன. உடலில் நஞ்சில்லை என்று சான்றுரைக்கும் பத்திரங்கள் சுமார் 8,000 பேருக்கு வழங்க வேண்டியதாயிற்று. அறியாமையால் முதலில் அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாதிருந்த மக்கள், அதே அறியாமையாற் பின்னர் அஞ்ச வேண்டாததற்கும் அஞ்சினர்.

நகரைத் தூய்மை செய்யும் பணி பல மாதங்கள் நீடித்தது. ஏழு வீடுகள் இடித்து அகற்றப்பட்டன. மேல்மண் வாரப்பட்டது; மரங்கள் வெட்டப்பட்டன; தட்டுமுட்டுப் பொருள்கள் பீப்பாய்களில் அடைக்கப்பட்டன. இவ்வாறு சேர்ந்த கழிவு ஏறத்தாழ 3,500 கன மீற்றர். கைப்பிடி உப்பு மலையளவு கழிவாயிற்று. அது நகருக்கு வெளியே ஏறத்தாழ 20 கிலோமீற்றர் தொலைவிலுள்ள இடத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டுப் பின்னர் நிலையான களஞ்சியத்தில் வைக்கப்பட்டது. சீசியம்-137 தன் வலிமையிற் பாதியை இழப்பதற்கு முப்பது ஆண்டு செல்லும். ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைவதற்கு முந்நூறு ஆண்டு வேண்டும். இரண்டு ஆண்டுக் கவலையீனத்துக்கு மூன்று நூற்றாண்டுக் காவல்!

இத்தகைய விபத்து உலகிற்குப் புதியதா? அன்று. 1983ஆம் ஆண்டு இறுதியில் மெக்சிக்கோவின் குவாரெஸ் நகரத்தில், பயன்படுத்தப்படாமற் கிடந்த சிகிச்சை இயந்திரமொன்று பழைய இரும்பாக விற்கப்பட்டது. அதன் கோபால்ற்று மணிகள் உருக்காலையிற் கலந்து, கட்டடக் கம்பிகளாகவும் மேசைக் கால்களாகவும் வடிவெடுத்தன. 1984 சனவரியில் அமெரிக்காவின் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தருகே சென்ற பாரவண்டியொன்று அங்கிருந்த கதிர்காட்டியை ஒலிக்கச் செய்தமையாலேயே உண்மை வெளிப்பட்டது. கொயானியாவுக்குப் பின்னரும், 2000ஆம் ஆண்டில் தாய்லாந்தின் சமுத் பிராகான் பகுதியில், கைவிடப்பட்ட சிகிச்சை இயந்திரமொன்றைப் பழைய இரும்புக்கு உடைத்தபோது மூவர் மாண்டனர். நாடு வேறு, மொழி வேறு, கதை ஒன்றே. மூன்றிடத்திலும் வேலை செய்துகொண்டிருந்த இயந்திரம் எவரையும் கொல்லவில்லை. வேலை முடிந்து, உடையவரின் நினைவிலிருந்து நழுவிய இயந்திரமே கேடு செய்தது.

ஆதலால் திருத்தமும் அவ்விடத்திலேயே தொடங்க வேண்டியதாயிற்று. சர்வதேச அணுசக்தி முகவராண்மை கொயானியா விபத்தை ஆராய்ந்து 1988ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டது. கதிர்ப்பொருளுக்குப் பொறுப்பு அனுமதி பெற்றவரையே சாரும் என்பதை அது வலியுறுத்திற்று. 2003ஆம் ஆண்டில் அம்முகவராண்மை கதிர்ப்பொருள்களின் பாதுகாப்புக்கான ஒழுக்கக்கோவை ஒன்றை ஏற்றது. ஒவ்வொரு நாடும் தன்னிடமுள்ள வலிய கதிர்ப்பொருள்களைப் பதிவேட்டில் எழுதி வைத்தல், பயன் முடிந்தவற்றைப் பாதுகாப்பாகச் சேமித்தல் அல்லது வழங்கியவருக்கே திருப்பியனுப்புதல் முதலியன அதன் நெறிகள். பழைய இரும்புக் களங்களின் வாயில்களிலும் துறைமுகங்களிலும் கதிர்காட்டிகள் வைக்கும் வழக்கமும் பல நாடுகளிற் பரவிற்று. இலங்கையிலும் 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின்கீழ், இப்பொருள்களை ஒழுங்குபடுத்துவதற்கெனத் தனியான பேரவை அமைக்கப்பட்டது.

இன்னொரு திருத்தமும் குறிப்பிடத்தக்கது. கதிரியக்கத்தைக் குறிக்கும் மூவிதழ்ச் சின்னம் கற்றோருக்கே விளங்குவது. கல்லாதவருக்கு அது பூவாகவோ, காற்றாடியாகவோ தோன்றலாம். எனவே 11 நாடுகளில் 1,650 பேரிடம் காட்டிச் சோதித்து, 2007ஆம் ஆண்டில் புதிய எச்சரிக்கைச் சின்னமொன்று வெளியிடப்பட்டது. சிவந்த நிலத்திலே மூவிதழிலிருந்து பாயும் கதிர்களும், மண்டையோடும், ஓடித் தப்பும் மனித உருவும் அதில் உள்ளன. எழுத்தறியாத ஒருவரும் அதன் பொருளை உணரலாம்.

சட்டமும் சின்னமும் வேண்டியனவே. எனினும் அவற்றுக்கு உயிர் கொடுப்பது மனிதரின் பொறுப்புணர்ச்சியே. கதிர்ப்பொருளுக்குப் பொருந்துவது பாவித்த ஊசிக்கும் பொருந்தும். ஊசியை உரிய பெட்டியில் இடாமல் வாளியில் எறியும் கை, குப்பை வாரும் தொழிலாளியின் கையைப் பற்றி எண்ணவில்லை. சிகிச்சை பெற்றவர் நலமுற்று வீடு திரும்பியதோடு மருத்துவப் பணி முடிந்துவிடுவதில்லை. அவருக்குப் பயன்பட்ட பொருள் எவருக்கும் தீங்கு செய்யாத இடத்தைச் சேரும்போதுதான் அது முடிவடைகின்றது.

கொயானியாவில் அக்கடமையை மறந்தவர்கள் கற்றறிந்தோர். அவர்கள் விட்ட சுமையைத் தம் நோயுற்ற உடலோடு பஸ்வண்டியிற் கொண்டுசென்று உரிய இடத்தில் ஒப்படைத்தவர், முப்பத்தேழு வயதான பழைய இரும்பு வியாபாரியின் மனைவி ஒருவர். அவர் அன்று போகாது வீட்டிலிருந்திருப்பாராயின், இறந்தோர் தொகை நால்வரோடு நின்றிராது.