சுகா லோஸ் ஊர்த்தலைவர் பாராளுமன்றம் போன கதை

பாட்டா செருப்பு போடாதவர் நம் வகுப்பில் யாரும் இருக்க முடியாது. அந்த பாட்டா கம்பெனி 1894-இல் பிறந்த ஊர், இன்றைய செக் குடியரசில் இருக்கும் ஸ்லீன். கம்பெனியை ஆரம்பித்தவர்களில் ஒருவரான தாமஸ் பாட்டா 1923 முதல், 1932-இல் விமான விபத்தில் இறக்கும் வரை, அந்த ஊருக்கு மேயராகவும் இருந்தார். முதலாளியே மேயர்!

ஆனால் இன்றைக்கு நான் எழுத வந்தது பாட்டாவைப் பற்றி அல்ல. அதே ஸ்லீன் மாகாணத்தில், ஸ்லோவாக்கிய எல்லையை ஒட்டி, சுகா லோஸ் என்று ஒரு கிராமம் உண்டு. ஜனத்தொகை சுமார் 1,100. அந்தக் கிராமத்துக்குத் தலைவராக இருந்த பெத்ர் கஸ்டீக் என்ற பள்ளிக்கூட வாத்தியாரின் கதை இது. அவர் எம்.பி. ஆனார், பாராளுமன்றத் துணை சபாநாயகர் ஆனார், கடைசியில் கல்வி அமைச்சரும் ஆனார். பிறகு ஆறே மாதத்தில் அந்தப் பதவியை விட்டு இறங்கினார்.

காமர்ஸ் படிக்கிற எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் தேர்தல் அல்ல, பணம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கம்யூனிஸ்ட் ஆட்சியில் சின்னக் கிராமங்களையெல்லாம் பக்கத்து ஊர்களோடு சேர்த்துவிட்டார்கள். 1989-இல் ஆட்சி மாறியதும், "எங்கள் ஊரை எங்களிடமே கொடு" என்று அவை பிரிந்துகொண்டன. சுமார் 4,100 ஆக இருந்த உள்ளாட்சிகள் சில வருடங்களிலேயே 6,200-ஐத் தாண்டிவிட்டன. ஒரு கோடிக்குச் சற்று அதிகமான மக்கள் உள்ள நாட்டில் இத்தனை! பெரும்பாலானவற்றில் ஆயிரம் பேர்கூட கிடையாது. ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் தனி மன்றம், தனித் தலைவர், தனி பட்ஜெட்.

பட்ஜெட்டுக்குப் பணம் எங்கிருந்து வரும்? மதிப்புக்கூட்டு வரி, வருமான வரி, கம்பெனி வரி எல்லாம் தேசிய அளவில் ஒரே பானையில் விழும். அதில் ஒரு பங்கை உள்ளாட்சிகளுக்குப் பிரித்துக் கொடுப்பதற்கு 2000-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் போட்டார்கள். விஷயமே அந்தப் பிரிக்கும் சூத்திரத்தில்தான். தலைக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரிக்கவில்லை. ஊர் பெரிதாகப் பெரிதாக, தலைக்கான தொகையும் கூடும். முதலில் 14 படிகள் வைத்திருந்தார்கள். அடுத்த படியைத் தொட்டுவிட்டால் ஊரில் உள்ள எல்லோர் தலைக்கும் அதிகத் தொகை. தொட முடியாமல் பத்துப் பேர் குறைந்தாலும் நஷ்டம் அத்தனை தலைக்கும்தான். (இன்கம் டாக்ஸ் ஸ்லாப் கணக்குப் போட்டவர்களுக்கு இது எவ்வளவு அபத்தம் என்று புரியும். அங்கே அடுத்த ஸ்லாபுக்குப் போனால் மேலே உள்ள தொகைக்கு மட்டும்தானே புது விகிதம்!) 2008-இல் இந்தப் படிகளை எடுத்துவிட்டுச் சரிவாக மாற்றினார்கள். இடைவெளி மட்டும் போகவில்லை. மிகச் சிறிய கிராமத்து ஆளுக்கு ஒரு பங்கு என்றால் பிராக் நகரத்து ஆளுக்கு ஏறக்குறைய நாலரைப் பங்கு.

பிராக் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. அது நகரமாகவும் மாகாணமாகவும் ஒரே சமயத்தில் இயங்குகிறது, மெட்ரோ ரயில் ஓட்டுகிறது, வெளியூர்க்காரர்கள் தினமும் அங்கேதான் வேலைக்கு வருகிறார்கள். ஆனால் கிராமத்திலும் தெருவிளக்கு எரிய வேண்டும், சாக்கடைக் குழாய் போட வேண்டும். ஆள் குறைவு என்பதற்காகக் குழாயின் நீளம் குறையாது. வீடுகள் தள்ளித் தள்ளி இருந்தால் தலைக்கு ஆகும் செலவு கூடவே செய்யும். காஸ்டிங் பேப்பரில் படிக்கும் நிலைச்செலவுதான் இது.

இந்தக் கோபத்தில் இருந்துதான் கஸ்டீக்கின் அரசியல் ஆரம்பமாகிறது. 2004-இல் ஸ்லீன் மாகாணத்தில் சுயேச்சை ஊர்த்தலைவர்கள் சேர்ந்து ஒரு சின்ன அமைப்பைத் தொடங்கினார்கள். 2009-இல் அது "ஊர்த்தலைவர்களும் சுயேச்சைகளும்" என்ற தேசியக் கட்சியாகப் பெயர் மாறியது. தலைவர் கஸ்டீக். செக் மொழியில் அதன் சுருக்கம் ஸ்டான். அந்த மொழியில் ஸ்டான் என்றால் கூடாரம் என்றும் அர்த்தம்.

தனியாக நின்றால் 5 சதவீத வாக்கு வாங்க வேண்டும். அதனால் டாப் 09 என்ற புதுக் கட்சியோடு கூட்டு வைத்தார்கள். 2010 தேர்தலில் அந்த அணிக்கு 200-இல் 41 இடங்கள் கிடைத்தன. ஆளும் கூட்டணியிலும் இடம். கிராமத் தலைவர் கஸ்டீக், அணியின் பாராளுமன்றக் குழுத் தலைவர் ஆனார்.

இங்கே ஒரு சிக்கலைக் கவனியுங்கள். டாப் 09-க்குப் பலம் பிராக் நகரத்தில். அதே 2010-இல் நடந்த பிராக் மாநகராட்சித் தேர்தலில் அதிக வாக்கு வாங்கிய கட்சியே அதுதான். கஸ்டீக் கேட்டதோ பிராக், புர்னோ, ஆஸ்ட்ராவா, பில்சன் என்ற நான்கு பெரிய நகரங்களின் பங்கைக் குறைக்கச் சொல்லி. கூட்டாளியின் வீட்டிலேயே கை வைப்பது போல. இருந்தும் 2012-இல் சட்டத் திருத்தம் நிறைவேறியது. 2013 ஜனவரி முதல் நாலரை மடங்கு என்பது சுமார் மூன்று மடங்காக இறங்கியது. புதுச் சூத்திரத்தில் 80 சதவீதம் பழைய மாதிரி ஊரின் அளவை வைத்து, 10 சதவீதம் வெறும் தலைக்கணக்கு, 3 சதவீதம் நிலப்பரப்பு, 7 சதவீதம் பள்ளிப் பிள்ளைகளின் எண்ணிக்கை. என் கண்ணுக்கு அந்தக் கடைசி 7 சதவீதம்தான் ரொம்ப அழகு. பள்ளிக்கூடம் நடத்தும் ஊருக்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் பணம் வரும் என்றால் பள்ளியை மூட எந்த ஊர்த்தலைவரும் யோசிப்பார். அவருடைய மற்ற பதவிகள் எல்லாவற்றையும் விட இதுதான் பெரிய சாதனை என்பேன். ஆனால் இது அவர் ஒருவரின் வேலை அல்ல. ஆயிரக்கணக்கான ஊர்த்தலைவர்கள் வருடக்கணக்காகக் கத்தியதன் பலன்.

2013-இல் துணை சபாநாயகர். 2017-இல் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியோடு கூட்டுச் சேரப் பேசினார்கள். இரண்டு கட்சிக் கூட்டணிக்கு 10 சதவீதம் தேவை என்பதால் பயம் வந்து கூட்டு உடைந்தது. ஸ்டான் தனியாக நின்று 5.18 சதவீதம் வாங்கியது. மயிரிழை! 6 எம்.பி.க்கள்.

2021-இல் பைரேட் கட்சியோடு கூட்டு. செக் வாக்குச்சீட்டில் கட்சிப் பட்டியலில் உள்ள பெயர்களில் நாலு பேரை வட்டமிடலாம். அப்படிப் போதுமான வட்டம் வாங்கியவர் பட்டியலில் மேலே ஏறுவார். பைரேட்டுகள் இணையத்தில் பிரபலம், ஸ்டான்காரர்களோ ஊரில் பிரபலம். மக்கள் தங்களுக்குத் தெரிந்த ஊர்த்தலைவரைத் தேடித் தேடி வட்டமிட்டார்கள். கூட்டணிக்குக் கிடைத்த 37 இடங்களில் ஸ்டானுக்கு 33, பைரேட்டுகளுக்கு வெறும் 4! முகம் தெரிந்தவருக்குத்தான் ஓட்டு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

2021 டிசம்பர் 17 அன்று கஸ்டீக் கல்வி அமைச்சர் ஆனார். இரண்டு மாதத்தில் உக்ரைன் போர் வந்தது. அகதிகளாக வந்த பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம் தேடுவதே அந்த வசந்த காலத்தின் பெரிய வேலை.

ஜூன் மத்தியில் போலீஸ் பிராக் போக்குவரத்துக் கழகம் தொடர்பான ஊழல் வழக்கில் பலரைப் பிடித்தது. பிடிபட்டவர்களில் ஸ்டானைச் சேர்ந்த பிராக் துணை மேயரும், ஸ்லீனைச் சேர்ந்த ஒரு தொழிலதிபரும் இருந்தார்கள். அந்தத் தொழிலதிபரோடு கஸ்டீக்குக்குப் பழக்கம் இருந்தது வெளியே வந்தது. அவர் மேல் வழக்கு எதுவும் போடப்படவில்லை. ஆனாலும் சில நாட்களிலேயே ராஜினாமாவை அறிவித்தார், ஜூன் முடிவதற்குள் பதவியும் போயிற்று.

கிராமத்து ஆள் தலைநகரத்துக்குப் போய்க் கெட்டார் என்று எழுதினால் படிக்கச் சுவையாக இருக்கும். எனக்கு அது ஒப்பவில்லை. வழக்கு பிராகில் நடந்தது, ஆனால் அவரை இழுத்துவிட்ட பழக்கம் சொந்த மாகாணத்தில் இருந்து வந்தது. எல்லோரையும் எல்லோருக்கும் தெரிந்த சின்ன ஊரில் தெரிந்தவர்களை வைத்துத்தான் காரியம் நடக்கும். வட்டம் போட்டுத் தூக்கிவிட்டதும் அதே தெரிந்தவர் பழக்கம்தான்.

கட்சி கலையவில்லை. கோலின் நகரத்தின் மேயராக இருந்த வீத் ரகுஷான் 2019-இலேயே கஸ்டீக்கிடம் இருந்து தலைமையை வாங்கியிருந்தார். 2021 முதல் 2025 வரை உள்துறை அமைச்சராக இருந்தவரும் அவர்தான். 2025 அக்டோபர் தேர்தலில் ஸ்டான் 22 இடங்களை வென்று எதிர்க்கட்சி வரிசைக்குப் போனது. வரிப் பங்கீட்டில் பள்ளிப் பிள்ளைகளின் 7 சதவீதத்தை 2018-இலேயே 9 ஆக்கிவிட்டார்கள்.