மணிமேகலையில் அளவைகள்: அறிவுக்கு எத்தனை வாயில்கள்?

ஒருவர் ஒன்றை அறிந்ததாகச் சொன்னால், அதை எதனால் அறிந்தார் என்ற கேள்வி உடன் எழுகிறது. இக்கேள்வியை ஆராயும் துறையை வடமொழி மரபு பிரமாணவியல் என்றும், தமிழ் மரபு அளவை என்றும் குறிக்கும். நெல்லை மரக்கால் அளப்பது போலப் பொருளின் உண்மையை அளந்தறிய உதவும் கருவியே அளவை. இதைத் தமிழில் விரிவாகப் பேசும் பழைய நூல்களுள் முதன்மையானது, சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலை. முப்பது காதைகள் கொண்ட இக்காப்பியத்தை உ. வே. சாமிநாதையர் 1898-இல் பதிப்பித்தார். இதன் 27-ஆம் காதையும் 29-ஆம் காதையும் அளவையைப் பற்றியவை. முதலாவது வஞ்சி நகரில் நிகழ்கிறது. மற்றது காஞ்சியில் நிகழ்கிறது.

வஞ்சியில் கேட்டவை

துறவியின் மாறுவேடத்தில் வஞ்சிக்கு வரும் மணிமேகலை, பல சமயவாதிகளிடம் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். முதலில் பேசுபவன் அளவைவாதி. வேதவியாசர் பத்து அளவைகளையும், கிருதகோடி எட்டையும், சைமினி ஆறையும் கொண்டனர் என்று அவன் கூறுகிறான்.

ஒவ்வோர் அளவைக்கும் அவன் எடுத்துக்காட்டுத் தருகிறான். காட்டில் பிளிறல் கேட்டு யானை இருப்பதை அறிவதும், வெள்ளத்தைக் கண்டு எங்கோ மழை பெய்ததை உணர்வதும், கருமேகத்தைப் பார்த்து மழை வரும் என்பதும் கருதல், அதாவது அனுமானம். கங்கையில் ஆயர் குடியிருப்பு உள்ளது என்றால் அது கங்கைக் கரையில் உள்ளது என்று கொள்வது அருத்தாபத்தி. இந்த மரத்தில் பேய் உண்டு என்று ஊரார் சொல்வதை நம்புவது ஐதிகம்.

காட்சியும் பிழைபடலாம் என்பதை அவன் மறைக்கவில்லை. இப்பியை வெள்ளி எனக் கொள்வதும், எதிரே நிற்பது கட்டையோ மனிதனோ என ஐயுறுவதும் அறிவின் எட்டுக் குற்றங்களுள் சேரும். தன் காலத்தில் வழக்கில் உள்ள அளவைகள் ஆறே என்றும் அவன் கூறுகிறான். அந்த ஆறில் ஐதிகம் இல்லை.

பூதவாதியும் மணிமேகலையும்

இறுதியில் பேசும் பூதவாதி இதற்கு நேர் எதிரானவன். கண்கூடாகக் காண்பது மட்டுமே அறிவு, கருத்தளவு நிற்காது என்பது அவன் நிலை. தாதகிப் பூவும் வெல்லக்கட்டியும் பிறவும் சேரும்போது கள்ளின் வெறி தோன்றுவது போல, பூதங்கள் கூடும்போது உணர்வு தோன்றுகிறது. அவை பிரியும்போது பறையின் ஓசை போல மறைகிறது என்கிறான். எனவே மறுபிறப்பும் வினைப்பயனும் அவனுக்குப் பொய்.

மணிமேகலைக்கு இது வெறும் வாதம் அன்று. தன் முற்பிறப்பை அறிந்தவளாகக் காப்பியம் அவளைக் காட்டுகிறது. முற்பிறப்பை உணர்ந்தோர் உண்டே என்று அவள் நகைக்க, அது தெய்வ மயக்கம் அல்லது கனவு என்று அவன் தள்ளிவிடுகிறான். அப்போது அவள், உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அன்றி வேறு எவ்வாறு அறிகிறாய் என்று கேட்கிறாள்.

தன் பிறப்பைத் தானே கண்டவர் எவரும் இல்லை. வளர்த்தவர் சொல்லையும் உற்றார் சொல்லையும் கொண்டே ஒருவர் தம் பெற்றோரை அறிகிறார். காட்சி ஒன்றே அளவை என்றால், பூதவாதி மறுபிறப்பை மட்டும் அல்லாமல் தன் தாயையும் இழக்க நேரிடும். ஆனால் அனுமானம் தேவை என்பதை மட்டுமே இக்கேள்வி நிறுவுகிறது. முற்பிறப்பு உண்டு என்பதை அது நிறுவவில்லை. எந்த அனுமானத்தை நம்பலாம் என்பதற்கு அவள் காஞ்சியில் பாடம் கேட்கிறாள்.

காஞ்சியில் கற்றவை

காஞ்சியில் அறவண அடிகள் கற்பிக்கும் பௌத்த முறையில் அளவைகள் இரண்டே: காட்சி, கருத்தளவு. ஏனைய எல்லாம் கருத்தளவில் அடங்கும். பெயர், சாதி, குணம், செயல் ஆகியவை கலவாத சுட்டுணர்வே காட்சி என்கிறார் அவர். வஞ்சியில் அளவைவாதி குற்றங்களின் பட்டியலில் சேர்த்த அதே சுட்டுணர்வு, இங்கே தூய காட்சியாகிறது. இது பசு, இது வெள்ளை என்று சொல்லும்போதே மனம் தன் பங்கைச் சேர்த்துவிடுகிறது என்பது இதன் உட்கருத்து.

அனுமானத்திலும் அவர் வேறுபாடு காண்கிறார். காரணத்தைக் கொண்டு காரியத்தைக் கருதுவது பிழைக்கலாம். மேகம் திரண்டும் மழை பொய்ப்பது உண்டு. புகையைக் கொண்டு நெருப்பை அறிவது போலக் காரியத்தைக் கொண்டு காரணத்தை அறிவதே பிழையாதது. இதைத் தொடர்ந்து மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு ஆகியவற்றில் நேரும் போலிகளை அவர் வகைப்படுத்துகிறார்.

பின்வந்த மரபு

13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரில் இவ்வாய்வைத் தொடர்ந்தார். பிறர் கூறும் அளவைகளை எண்ணிக் காட்டி, அவை அனைத்தும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடங்கும் என்றார். உரை என்பது ஆகமம். அதைத் தனி அளவையாகக் கொண்டதால், புலன்களுக்கும் அனுமானத்துக்கும் எட்டாத இறைவனைப் பற்றிய அறிவுக்குச் சைவ சித்தாந்தத்தில் இடம் கிடைத்தது.

ஒன்று, இரண்டு, மூன்று, ஆறு, பத்து என்ற இந்த எண்ணிக்கைப் பூசல் வெறும் கணக்கு அன்று. எந்த வாயில்களை ஒரு சமயம் திறந்து வைக்கிறதோ அவற்றின் வழியே நுழையும் பொருள்களே அதன் உலகில் உண்மையாகின்றன. வாயில்களைப் பெருக்கியவனின் பட்டியலில் மரத்துப் பேயும் இடம்பெற்றது. ஒன்றாகச் சுருக்கியவனால் தன் தாயை அறிந்த வழியைச் சொல்ல இயலவில்லை. இவ்விரு எல்லைகளுக்கும் இடையே நம்பத்தக்க அளவை எது என்ற தேடலையே மணிமேகலையின் இவ்விரு காதைகளும் பதிவு செய்கின்றன.