வியாழனின் தாடி

ஜெர்மனியின் ஆஹன் நகரத்துக்கு வேலைக்கு வந்த முதல் அக்டோபரில் ஒரு சின்னத் தொட்டி வாங்கினேன். தாமரை மொட்டு பாதி விரிந்ததுபோல் அடுக்கடுக்காகத் தடித்த இலைகள், நுனியில் கருஞ்சிவப்பு. செருகியிருந்த அட்டையில் 'ஹவுஸ்வுர்ட்ஸ்' என்றிருந்தது. ஹவுஸ் என்றால் வீடு. என் ஜெர்மன் அறிவுக்கு அது போதும். வீட்டுச் செடிதான் என்று முடிவுகட்டி, ஹீட்டருக்கு மேலே ஜன்னல் திண்டில் வைத்தேன்.

பொங்கலுக்குள் அது அடையாளமே தெரியாமல் போயிற்று. அடுக்கு குலைந்து, இலைக்கும் இலைக்கும் நடுவே விரற்கடை இடைவெளி. வெளிறிய தண்டு கண்ணாடிப் பக்கம் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது. வாராவாரம் தண்ணீர் வேறு ஊற்றினேனா, அடி இலைகள் தொட்டாலே கையோடு வந்தன. பக்கத்து வீட்டுப் பாட்டி பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "இதை வீட்டுக்குள்ளே வைக்க மாட்டார்கள், வீட்டுக்கு மேலே வைப்பார்கள்" என்றார்.

பாட்டியின் பேச்சுக்கு 1,200 வருஷத்து அத்தாட்சி உண்டு. இதே ஆஹனில் அரண்மனை கட்டி வாழ்ந்த பேரரசர் சார்லமேன் காலத்தில், கி.பி. 800ஐ ஒட்டி, அரச பண்ணைகளுக்கு ஒரு விதித்தொகுப்பு எழுதினார்கள். 'கப்பிட்டுலாரே டே வில்லிஸ்' என்று பெயர். அதன் 70ஆம் பிரிவு எதையெல்லாம் பயிரிட வேண்டும் என்று அடுக்குகிறது. வெந்தயம், சீரகம், கொத்தமல்லி என்று நம் அஞ்சறைப்பெட்டியே பாதி அதில் இருக்கிறது. அவையெல்லாம் தோட்டத்துப் பாத்திக்கு. இது ஒன்றை மட்டும் தோட்டக்காரன் தன் வீட்டின் மேல் வைத்திருக்க வேண்டுமாம். செடிக்கு அங்கே கொடுத்திருக்கும் பெயர் ஜூபிட்டரின் தாடி.

ஜூபிட்டர் ரோமானியர்களின் இடி தெய்வம். அவர் தாடி முளைத்த கூரையில் அவரே இடியை இறக்குவாரா என்ற கணக்கு. ஜெர்மானியர்களுக்கு அதே வேலையைச் செய்தவர் டோனார். வியாழக்கிழமைக்கு இங்கே 'டோனர்ஸ்டாக்', இடியின் நாள், என்று பெயர். நமக்கும் ஜூபிட்டர் கிரகம் வியாழன்தான். ஆனால் நம் வியாழன் இடி எறிவதில்லை, பாடம் நடத்துகிறார்.

நம்பிக்கை ஒருபுறம் இருக்கட்டும், கூரைக்குக் காரியமும் நடந்திருக்கும். வேய்ந்த வைக்கோல் மேல் பாய் விரித்ததுபோல் நெருங்கிப் படர்ந்து, காற்றில் பறக்காமல் பிடித்துக்கொள்ளும். இலை முழுக்க நீர் என்பதால் பறந்து விழும் தீப்பொறி சட்டென்று பற்றாது. மண் ஒரு பிடி போதும். மைனஸ் 20 டிகிரியையும் தாங்கும். அதற்கு ஆகாதது வெயிலில்லாத வெதுவெதுப்பு. நான் கொடுத்தது அதைத்தான். 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இதற்குப் பெயர் வைத்தபோதும் 'டெக்டோரம்', அதாவது கூரைகளின் செடி, என்றே எழுதினார்.

மதுரைக்குப் போன் போட்டு அம்மாவிடம் சொன்னேன். "நம்ம வாசல்ல கத்தாழைய திருஷ்டிக்குத் தலைகீழாக் கட்டிவிட்டிருக்கேன். மண்ணுமில்ல தண்ணியுமில்ல, ஜம்முனு இருக்கு. நீ ஹீட்டர்ல வச்சு அவிச்சுட்டியாக்கும்" என்றார்.

மார்ச்சில் பாட்டி அதை வாங்கிப்போய்த் தன் கார் கொட்டகைக் கூரையில், சரளைக்கற்களுக்கு நடுவே அழுத்தி வைத்தார். நீண்டுபோன தாய்ச்செடி தேறவில்லை. அதன் அடியில் பட்டாணி அளவில் நாலு குட்டிகள், மூடிய கைபோல இறுக்கமாக முளைத்திருக்கின்றன.