பலாங்கொடை இரும்பு

2019 மே மாதத்தின் முதல் வாரம். உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னர், வாள்களையும் பெரிய கத்திகளையும் ஒப்படைக்குமாறு நாடெங்கும் அறிவிப்பு வந்திருந்தது. அன்றாடத் தேவைக்கானவற்றை வைத்திருக்கலாம் என்றும் சொன்னார்கள். எது அன்றாடத் தேவை என்று யார் தீர்மானிப்பது? உம்மா மீன் வெட்டும் கத்தியை மட்டும் விட்டுவைத்தார். குர்பான் கத்தி ஒப்படைக்கப்பட்டது. அலுமாரிக்குள் இருந்த பழைய கத்தியைப் பற்றிப் பல மாதங்கள் கழித்தே வாய் திறந்தார்.

"ஓடையில போட்ட மகன். வேற என்ன செய்ற?"

அது ஒரு சாண் நீளமான கத்தி. முதுகு நேராகவும் கூர்ப்பக்கம் வளைந்தும் இருக்கும். கொம்புக் கைப்பிடி. அலகு பிடியோடு சேருமிடத்தில் பித்தளையில் கொடிவேலை. மர உறையில் இரண்டு துளைகள். ஒன்றில் கத்தி, மற்றதில் மெல்லிய இரும்பு ஊசி.

அரபு நாட்டிலிருந்து நம் மூதாதையர் கொண்டுவந்த கஞ்சர் என்றே சிறுவயதில் நம்பியிருந்தேன். பாடசாலைக் கட்டுரையில் அப்படி எழுதிப் பாராட்டும் பெற்றேன். வாப்பாதான் சிரித்தார். "அரபுக் கத்தி எண்டு ஆரு சொன்ன? அது கடைக்கு ஈடு வந்தது." அப்பாவுக்கு (எங்கள் பக்கம் பாட்டனாரை இப்படித்தான் அழைப்போம்) பலாங்கொடையில் தோட்டத்துச் சந்தியொன்றில் கடை இருந்தது. கொப்பியில் பற்று ஏறிப்போன சிங்களக் கிராமத்தவர் ஒருவர் அதை வைத்துவிட்டுப் போனார், மீட்க வரவில்லை. தோட்டத்துச் சனங்கள் அதைக் கண்டு, கவ்வாத்துக் கத்திக்கு இத்தனை அலங்காரமா என்று கேலி செய்வார்களாம்.

கொழும்பு நூதனசாலையில் அதன் உடன்பிறப்புகளைக் கண்டபோதுதான் பெயர் தெரிந்தது: பிஹா கெத்த. கண்டி இராச்சியத்துக் கத்தி. அரசனுக்குப் பணிசெய்த 'பட்டல் ஹதர' எனும் நான்கு பட்டறைகளின் கைவண்ணம் இவற்றில் சிறந்தவற்றில் உண்டு. பிரதானிகள் இடுப்பில் செருகினர். கூடவிருந்த ஊசி, ஓலையில் எழுதும் எழுத்தாணி. ஆக, இது போர்க்களத்துக்கு மட்டுமான ஆயுதமல்ல. எழுதத் தெரிந்தவனின் அடையாளமும் கூட. 1815இல் கண்டி பிரித்தானியர் வசமாகவே அரச பட்டறைகள் ஆதரவிழந்தன. பின்னர் மலிவான இறக்குமதி இரும்பு உள்ளூர் உலைகளை அணைத்தது. 1903 முதல் 1906 வரை கனிமவள ஆய்வுக்குப் பொறுப்பாயிருந்த ஆனந்த குமாரசுவாமி, பலாங்கொடைப் பக்கத்தில் எஞ்சியிருந்த இரும்புருக்குவோரை நேரில் கண்டு எழுதினார். 1908இல் வெளிவந்த அவரது 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்ற பெருநூல் இல்லையேல் இந்தக் கைவினைகளில் பாதி நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

கஞ்சர் கனவு கலைந்ததில் எனக்குச் சற்று ஏமாற்றம்தான். ஆனால் கதை அங்கே முடியவில்லை. பலாங்கொடைக்குக் கிழக்கே சமனலவெவ நீர்த்தேக்கம் அமைக்கப்பட்ட காலத்தில், அந்த மலைச்சரிவுகளை கில்லியன் ஜூலெஃப் என்ற பிரித்தானிய அகழ்வாய்வாளர் ஆராய்ந்தார். மேற்கு நோக்கிய சரிவுகளில் வரிசையாக இரும்புலைகள். துருத்தி ஊத ஆள் வேண்டாம். தென்மேற்குப் பருவக்காற்றே ஊதியது! காலம் கி.பி. 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை. அதேபோன்ற உலையைக் கட்டி எரித்துப் பார்த்தார். கரிமம் மிகுந்த உருக்கு கிடைத்தது. 1996இல் 'நேச்சர்' சஞ்சிகையில் முடிவுகள் வெளியாகின.

அதே காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், பக்தாதின் தத்துவஞானி அல்கிந்தி வாள்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் ஸரந்தீப் வாள்களும் உண்டு. ஸரந்தீபின் இரும்பு வெளியூர்களுக்குப் போய் அங்கே வாளாக அடிக்கப்பட்டதையும் குறிப்பிடுகிறார். அந்த இரும்பு சமனலவெவ உலையிலிருந்துதான் போயிற்று என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் பாடசாலைக் கட்டுரையைத் திருப்பி எழுத வேண்டியிருக்கிறது. அரபு நாட்டிலிருந்து இங்கே கத்தி வந்ததாக எழுதியிருந்தேன். இங்கிருந்து அங்கே இரும்பு போயிருக்கிறது.

இதையெல்லாம் உம்மாவிடம் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். "அத முந்தியே சொல்லியிருந்தா..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். முந்தியே சொல்லியிருந்தாலும் அந்த வாரத்தில் அவர் வேறெதுவும் செய்திருக்க முடியாது.

உறையோடுதான் போட்டிருக்கிறார். எழுத்தாணி மட்டும் தப்பிவிட்டது. அது கத்தியின் துணையென்று அறியாமல் எப்போதோ தையல் பெட்டிக்குள் எடுத்து வைத்திருந்தாராம். பாவாடைக்கு நாடா கோக்க இப்போதும் அதைத்தான் தேடுகிறார்.