சுமையும் சுமந்தோரும்: லாஹூல் வழியின் வரலாறு எழுப்பும் ஒரு கேள்வி

திருச்சபை வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் சென்றடைந்த இடத்திலிருந்தே தொடங்குகின்றனர். நிலையம் எந்த ஆண்டில் நிறுவப்பட்டது, முதல் ஞானஸ்நானம் எப்போது நடைபெற்றது, எந்நூல் மொழிபெயர்க்கப்பட்டது என்னும் செய்திகளே ஏடுகளை நிரப்புகின்றன. அங்கே சென்ற வழி ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது. ஆனால் இமயமலை நாடுகளைப் பொறுத்தவரை வழியே வரலாற்றின் பாதி எனலாம். ஆகவே, லாஹூல் பள்ளத்தாக்கின் வழியாக மேற்கொள்ளப்பட்ட ஒரு பயணத்தின் திட்டத்தை இங்கு ஆராய்ந்து, அதனின்று எழும் ஒரு கேள்வியையும் முன்வைக்க விரும்புகிறோம்.

1. இருவரின் திட்டம்

மொரேவிய சகோதரர் சபை தமிழ்த் திருச்சபைக்குப் புதியதன்று. 1760 முதல் 1803 வரை தரங்கம்பாடியில் 'சகோதரர் தோட்டம்' அமைத்து உழைத்தவர்கள் அச்சபையினரே. அவர்கள் தரங்கம்பாடியை விட்டகன்று அரை நூற்றாண்டு கழிந்தபின், அதே சபை மங்கோலிய மக்களிடையே பணி தொடங்கத் தீர்மானித்தது. அதற்கென ஆகஸ்ட் வில்ஹெல்ம் ஹைடே, எடுவர்ட் பாகெல் என்னும் இருவரைத் தெரிந்தெடுத்தது. இரஷ்யப் பேரரசு தன் எல்லை வழியே செல்ல இசைவு தரவில்லை. எனவே இருவரும் 1853இல் இந்தியாவுக்குப் புறப்பட்டு, இமயத்தைக் கடந்து திபெத்து வழியே மங்கோலியாவை அடையலாம் எனத் திட்டமிட்டனர்.

அவர்கள் முதலில் தங்கியது சிம்லா மலைகளிலுள்ள கோட்கர் என்னும் ஊரில். அங்கே சர்ச் மிஷனெரி சங்கத்தின் நிலையம் இருந்தது. அவ்விடத்தில் மொழி கற்று, வழி விசாரித்து, 1855இல் குலு, லாஹூல் வழியாக லடாக்கின் லே நகர்வரை சென்றனர். திபெத்தின் எல்லையில் அவர்களுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. லடாக்கில் தங்கிப் பணியாற்றக் காஷ்மீர் அரசரும் இடங்கொடுக்கவில்லை. எனவே பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட லாஹூலுக்குத் திரும்பி, 1856இல் கேலாங் என்னும் ஊரில் நிலையம் அமைத்தனர். மங்கோலியா எட்டாமலே போயிற்று. ஆயினும் 1857இல் அங்கு வந்துசேர்ந்த யேஷ்கே என்னும் மொழி வல்லுநரின் உழைப்பால் 1881இல் திபெத்திய-ஆங்கில அகராதி வெளிவந்தது. 1885இல் திபெத்திய மொழியில் புதிய ஏற்பாடு அச்சாயிற்று. ஹைடே 1903 வரை, ஐம்பது ஆண்டுகள் தாயகம் திரும்பாமலே பணியாற்றினார். பாகெல் 1883இல் பூ என்னும் மலையூரில் மரித்தார்.

2. வழி விதித்த நிபந்தனைகள்

இப்பயணத்திற்குத் திட்டமிடுதல் எத்தன்மையது? குலுவிலிருந்து லாஹூலுக்குள் நுழையும் வாயில், ஏறத்தாழ 13,000 அடி உயரமுள்ள ரோத்தாங் கணவாய். பனியினால் அது ஆண்டில் பல மாதங்கள் மூடிக்கிடக்கும். திறந்திருக்கும் காலத்திலும் நண்பகலுக்குப் பின் கடுங்காற்று எழும். ஆகையால் விடியுமுன் புறப்பட்டு நண்பகலுக்குள் கடந்துவிடுவதே வழக்கம். கணவாய்க்கு அப்பால் சந்திரா ஆறு. அதனோடு பாகா ஆறு தண்டியில் கூடிச் சந்திரபாகாவாகி, பின்னர்ச் செனாப் எனப் பெயர்பெறுகிறது. பாகாவின் கரையில் கேலாங். அதற்கு மேலே தார்ச்சா. அதனைக் கடந்தபின் 16,000 அடி உயரமுள்ள பாராலாச்சா கணவாய். அதற்கும் அப்பால் ருப்ஷு சமவெளி. அங்கே நாடோடி மேய்ப்பரின் கூடாரங்கள் காணப்படலாம். ஆனால் லடாக்கின் கியா என்னும் ஊர் வரையில் நிலையான கிராமம் எதுவும் இல்லை.

ஆகவே பயணத்திற்கு நான்கு தேவைகள் இன்றியமையாதன. முதலாவது, காலம்: கோடையின் சில மாதங்களுக்குள் போய்வருதல். இரண்டாவது, உணவும் விறகும். உயரம் மிகுந்த இடங்களில் காற்றழுத்தம் குறைவதால் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். 15,000 அடி உயரத்தில் அது சுமார் 85 பாகையே. பருப்பும் அரிசியும் அங்கே எளிதில் வேகா. மரங்களற்ற அச்சமவெளியில் காய்ந்த சாணமும் முட்புதர்வேரும் அன்றி விறகும் இல்லை. மலைமக்கள் வாற்கோதுமையை முன்னரே வறுத்து மாவாக்கிச் சுமந்து, தேநீரில் பிசைந்து உண்பதன் காரணம் இதுவே. மூன்றாவது, உடல்: பாராலாச்சாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய பாதியே. விரைந்து ஏறுவோர் தலைவலியாலும் மூச்சுத்திணறலாலும் வருந்துவர். சிலர் உயிரிழப்பதும் உண்டு. படிப்படியாக ஏறுதலும் இடையிடையே தங்குதலும் அவசியம். பனியுருகிப் பெருகும் ஓடைகள் பிற்பகலில் பொங்குமாதலால் காலையிலேயே கடக்கவேண்டும். நான்காவது, அரசின் இசைவுச் சீட்டு. 1820இல் இவ்வழியே லே நகருக்குச் சென்ற வில்லியம் மூர்க்ராஃப்ட் போன்றோர் எழுதிவைத்தவை இந்நான்கையும் குறித்தே மிகுதியாகப் பேசுகின்றன.

3. ஐந்தாவது தேவை

ஐந்தாவது ஒன்றும் உண்டு: சுமப்போர். மாவு, கூடாரம், புத்தகம், மருந்து, அச்சுக்கருவி யாவும் எவருடைய முதுகின்மேலோ சென்றன. வணிகர்கள் ஆடுகளின் முதுகில் உப்பும் கம்பளி மயிரும் ஏற்றிச் சென்றனர், மட்டக்குதிரைகளும் இருந்தன. விலங்கு செல்லவியலாத இடங்களில், குறிப்பாகக் கிளைகளை முறுக்கிக் கட்டிய தொங்குபாலங்களில், மனிதனே சுமந்தான்.

இம்மலைநாடுகளில் 'பேகார்' என்னும் வழக்கம் நிலவியது. அரசு அதிகாரியோ, அதிகாரிகளின் சீட்டுப் பெற்ற பயணியோ வரும்போது, ஒவ்வொரு தங்குமிடத்திலும் ஊர்த்தலைவன் ஆட்களைத் திரட்டிக்கொடுக்கவேண்டும். சில வேளைகளில் குறித்த கூலி உண்டு. சில வேளைகளில் ஒன்றுமில்லை. கூலி இருப்பினும் மறுக்கும் உரிமை இல்லை. இதன் கொடுமையை உணரவேண்டுமாயின் லாஹூலின் வேளாண்மையை நோக்கவேண்டும். அங்கு விளைவது ஆண்டுக்கு ஒரு போகமே. கணவாய் திறக்கும் மாதங்களும் வயல்வேலைக்குரிய மாதங்களும் ஒன்றே. பயணி தன் திட்டத்தில் 'நல்ல காலம்' எனக் குறித்த நாள், சுமப்பவன் தன் குடும்பத்தின் குளிர்கால உணவைச் சேர்க்கவேண்டிய நாள். பயணத்திட்டம் எவ்வளவு நுட்பமாக வகுக்கப்படினும் இந்த இழப்பு அதன் கணக்கில் ஏறுவதில்லை.

இதனைக் கூறுவது முன்னோரைக் குற்றஞ்சாட்டுவதற்கன்று. ஹைடே தம்பதியர் லாஹூல் மக்களோடு நாற்பது குளிர்காலங்களைக் கழித்தனர். மரியா ஹைடே அப்பெண்களுக்குப் பின்னல்வேலை கற்பித்தார். லாஹூலின் கம்பளிக் காலுறைகளும் கையுறைகளும் 2021இல் புவிசார் குறியீடு பெற்றன. எனினும் நல்லெண்ணம் மிக்கோரும் தாம் வாழும் காலத்தின் ஒழுங்குமுறையைச் சார்ந்தே வழிநடக்கின்றனர். அந்த ஒழுங்குமுறையை ஆராய்வதும் வரலாற்றாசிரியனின் கடமையே.

4. மீண்டும் கோட்கர்

வியப்புக்குரியது யாதெனில், அவ்விருவரும் தங்கி வழி விசாரித்த அதே கோட்கரில் இவ்வழக்கத்திற்கு எதிரான குரல் எழுந்தது. 1904இல் இந்தியா வந்த அமெரிக்கர் சாமுவேல் ஸ்டோக்ஸ், சுபாத்துவில் தொழுநோயாளரிடையே ஊழியஞ்செய்தவர். சாது சுந்தர் சிங்கின் இளமைக்காலத் தோழர். 1912இல் மலைநாட்டுக் கிறிஸ்தவப் பெண் ஒருவரை மணந்து கோட்கர்ப் பகுதியில் குடியேறினார். ஊராரோடு ஊராராக வாழ்ந்தமையால் பேகாரின் பாரத்தை அருகிருந்து கண்டார். 1920-21இல் ஊராரை ஒன்றுதிரட்டி, திபெத்து நோக்கிச் செல்லும் அச்சாலையில் கட்டாயச் சுமையை எதிர்த்துப் போராடினார். பெரும்பாலான கோரிக்கைகள் ஏற்கப்பட்டன. அதே ஆண்டின் இறுதியில் அரசநிந்தனைக் குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறை சென்றார். 1921 ஜனவரியில் குமாவோன் பகுதியின் பாகேஷ்வரில் திரண்ட மக்களோ, கூலிப் பதிவேடுகளைச் சரயு நதியில் எறிந்தனர். ஸ்டோக்ஸ் 1932இல் இந்து சமயத்தைத் தழுவினார் என்பதனால் அவருடைய இப்பணியை நம் வரலாறு மறந்துவிடுதல் தகாது.

5. நமக்குரிய கேள்வி

இதனை வாசிக்கும் நமக்கு இது தொலைநாட்டுச் செய்தியன்று. தென் திருவிதாங்கூரில் 19ஆம் நூற்றாண்டில் தாழ்த்தப்பட்டோர்மீது சுமத்தப்பட்ட கூலியில்லாக் கட்டாய வேலைக்குப் பெயர் 'ஊழியம்'. அதே சொல்லையே நாம் தேவபணிக்கு வழங்குகிறோம். வாழ்வு முழுவதையும் மனமுவந்து கொடுத்தலை அச்சொல் நமக்கு உணர்த்துகிறது. நம் முன்னோரில் பலருக்கோ அது மறுக்கவியலாத சுமையை உணர்த்திற்று.

புதிய ஏற்பாட்டிலும் இச்சுமை உண்டு. மலைப்பிரசங்கத்தில் ஒரு மைல் தூரம் வரக் கட்டாயப்படுத்துவோனைக் குறித்து நம் ஆண்டவர் பேசுமிடத்தும் (மத்தேயு 5:41), சிரேனே ஊரானாகிய சீமோன் சிலுவையைச் சுமக்கும்படி பிடிக்கப்பட்டதைச் சொல்லுமிடத்தும் (மத்தேயு 27:32), 'அங்கரேயுவோ' என்னும் ஒரே கிரேக்க வினைச்சொல் வருகிறது. பாரசீக அரசின் அஞ்சல்முறையோடு தொடர்புடைய அச்சொல், அதிகாரம் தன் தேவைக்கு ஆளையும் விலங்கையும் வழியிலேயே பிடித்துக்கொள்வதைக் குறிக்கும். லாஹூலின் உழவன் இவ்வசனங்களைத் திபெத்தியப் புதிய ஏற்பாட்டில் வாசித்திருந்தால், விளக்கவுரையின்றியே அவற்றின் பொருளை உணர்ந்திருப்பான்.

2020 அக்டோபரில் ரோத்தாங்கின் அடியில் ஏறத்தாழ 9 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. கேலாங் செல்வோர் இன்று கணவாய் ஏறவேண்டியதில்லை. ஆயினும் இமயத்தின் உயர்ந்த சாலைகளை அமைத்துப் பேணுவோரில் பலர் ஜார்க்கண்ட் போன்ற தொலைவிடங்களிலிருந்து வரும் கூலியாட்கள். வழி எளிதாகியும், அதனைத் தாங்குவோர் பெயரின்றியே இருக்கின்றனர்.

இறையியல் மாணவர்கள் தம் சபைகளின் வரலாற்றை எழுத முற்படும்போது, முதல் போதகர் யார் என்பதோடு, அவருடைய பெட்டியைச் சுமந்தவர் யார், அன்று அவருடைய வயலில் வேலை செய்தவர் யார் என்றும் கேட்பார்களாக. பதிவேட்டில் விடை கிடைக்காத இடங்களில் ஊரின் முதியோரிடம் விசாரிப்பார்களாக. மாற்கு சுவிசேஷகன் சுமந்தவனின் பெயரையும், அவன் ஊரையும், அவன் நாட்டுப்புறத்திலிருந்து வந்துகொண்டிருந்ததையும், அவனுடைய இரு குமாரரின் பெயர்களையும்கூட எழுதிவைத்தான் (மாற்கு 15:21). திருச்சபை வரலாறு எழுதுவோருக்கு அதனினும் சிறந்த முன்மாதிரி வேறில்லை.