பாலைவனத்தில் பீன்சும் வெள்ளரியும் விளைவது எப்படி?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தின் தென்பகுதியிலிருந்து மெக்சிகோவின் சொனோரா மாநிலம் வரை பரந்து கிடக்கிறது சொனோரா பாலைவனம். அங்குள்ள பெரிய நகரமான பீனிக்ஸில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. கோலாலம்பூரில் இந்த அளவு மழை ஒரே மாதத்தில் பெய்துவிடும். 2023-ஆம் ஆண்டு ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை 31 நாள்கள் தொடர்ந்து பீனிக்ஸில் வெப்பம் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டியது.

இப்படிப்பட்ட இடத்தில் பீன்சும் வெள்ளரியும் விளையுமா என்று கேட்கத் தோன்றும். விளைகின்றன. இன்று நேற்றல்ல, இந்தப் பாலைவனத்தைச் சேர்ந்த டூசான் நகரப் பகுதியில் 4,000 ஆண்டுகளுக்கு மேலாகப் பயிர்த்தொழில் நடந்து வந்ததற்குத் தொல்லியல் சான்றுகள் உள்ளன. வெயிலைத் தாங்கும் விதை, விதைக்கும் மாதம், நீரை நிறுத்தும் முறை ஆகிய மூன்றையும் அறிந்தவர்களுக்கே அந்த மண் விளைச்சல் தந்தது.

வெயில் எதைக் கெடுக்கிறது?

வெயில் செடியைக் கருக்கிவிடும் என்றே பலரும் நினைக்கின்றனர். உண்மையில், நீர் கிடைத்தால் பீன்ஸ் செடி கடும் வெயிலிலும் பச்சையாகவே நிற்கும். முதலில் கெடுவது பூ. பகல் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டி, இரவிலும் சூடு தணியாவிட்டால் மகரந்தம் வலுவிழந்து பூக்கள் உதிர்ந்துவிடும். செடி இருக்கும், காய் இருக்காது. நம் நாட்டில் பீன்ஸ் பெரும்பாலும் கேமரன் மலையிலிருந்து வருவதற்கும் இதுவே காரணம். மலையின் இரவுக் குளிர்தான் அங்கே பூவைக் காய்க்க வைக்கிறது.

வெள்ளரிக்கு வரும் சிக்கல் வேறு. அதே கொடியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியாகப் பூக்கும். வெப்பமும் நீண்ட பகலும் சேர்ந்தால் ஆண் பூக்கள் கூடி, காய் தரும் பெண் பூக்கள் குறைகின்றன. நண்பகல் வெயிலில் தேனீக்களின் நடமாட்டமும் குறைகிறது. நீர் ஒரு நாள் கிடைத்து மறுநாள் கிடைக்காமல் போனால் காய் கசந்துவிடும்.

பாலைவனத்துக்கு ஏற்ற விதைகள்

சொனோரா பாலைவனத்துக்கே உரிய பயறு டெப்பாரி. நாம் உண்ணும் பீன்சுக்கு நெருங்கிய உறவுள்ள இதன் மணிகள் சிறியவை. வெள்ளை, பழுப்பு நிறங்களில் அதிகம் கிடைக்கின்றன. இதன் வேர் ஆழமாக இறங்கி அடிமண் ஈரத்தை எடுத்துக்கொள்ளும். உச்சி வெயிலில் இலைகள் திரும்பி, அகலப் பரப்பை மறைத்து, ஓரத்தை மட்டும் சூரியனுக்குக் காட்டும். இரண்டு முதல் மூன்று மாதங்களில் அறுவடைக்கு வந்துவிடும். நீர் அதிகமானால் இலைதான் பெருகும், காய் குறையும் என்பது இதன் தனிக்குணம்.

நமக்குப் பழக்கமான பயத்தங்காயும் அங்கே கைகொடுக்கிறது. மலாய்க்காரர்கள் காச்சாங் பாஞ்சாங் என்று சொல்லும் இந்த நீளக் காய், தட்டைப்பயற்றின் இனத்தைச் சேர்ந்தது. பீன்ஸ் பூ உதிர்த்து நிற்கும் வெயிலில் பயத்தங்கொடி காய்த்துத் தொங்கும். அதனால் பீனிக்ஸ் வட்டார வீட்டுத் தோட்டக்காரர்கள் கோடைக்கு இதை விரும்பி நடுகின்றனர்.

வெள்ளரிக்குப் பதிலாக அங்கே பெயர் பெற்றிருப்பது ஆர்மீனிய வெள்ளரி. பெயரில்தான் வெள்ளரி, தாவர இயலின்படி இது முலாம்பழ இனம். வட இந்தியாவில் கோடையில் விற்கப்படும் கக்கடியும் இதே இனம்தான். வெளிர்பச்சை நிறத்தில் நீண்டு வளரும் இந்தக் காய் கடும் வெயிலிலும் கசப்பதில்லை. தோலைச் சீவாமலே பச்சையாக உண்ணலாம்.

எந்த மாதத்தில் விதைப்பது?

அந்தப் பாலைவனத்தில் இரண்டு மழைக்காலங்கள் உண்டு. குளிர்கால மழை மெதுவாகப் பெய்யும். கோடை மழை ஜூலையில் இடி மின்னலுடன் வந்து இறங்கும். இவற்றுக்கு ஏற்பவே விதைப்பு நடைபெறுகிறது.

பீன்சும் சாதாரண வெள்ளரியும் பனி நின்றவுடன், பிப்ரவரி இறுதி முதல் மார்ச்சுக்குள் விதைக்கப்படுகின்றன. ஜூன் வெயில் வருமுன் காய் பறித்துவிட வேண்டும். தவறவிட்டால் ஆகஸ்ட் இறுதி முதல் செப்டம்பர் வரை இரண்டாவது வாய்ப்பு கிடைக்கும். பயத்தங்காய், ஆர்மீனிய வெள்ளரி இரண்டையும் ஏப்ரலுக்குப் பிறகும் நடலாம். டெப்பாரி ஜூலை மழையை நம்பி விதைக்கப்பட்டு அக்டோபர் வாக்கில் அறுவடையாகும்.

பாத்தி, நீர், நிழல்

நம் ஊரில் மழைநீர் தேங்கி வேர் அழுகாமலிருக்கப் பாத்தியை மேடாக்குகிறோம். பாலைவனத்தில் அதற்கு நேர்மாறு. பாத்தியைத் தரைமட்டத்துக்குக் கீழே பள்ளமாக வெட்டுகின்றனர். கிடைக்கும் நீர் ஓடிவிடாமல் அங்கே நிற்கும், சூடான காற்றும் செடியை நேராகத் தாக்காது.

மண்ணில் சுண்ணாம்பு அதிகம், மக்கிய பொருள் மிகக் குறைவு. சில இடங்களில் மண்ணுக்கு அடியில் சுண்ணாம்பு பாறைபோல் இறுகிக் கிடக்கும். அதைக் கடப்பாரையால் உடைத்தால்தான் நீர் வடியும். மக்கிய உரம் நிறையச் சேர்க்க வேண்டும். இலை நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் தெரிந்தால், மண்ணிலுள்ள இரும்புச் சத்தைச் செடியால் எடுக்க முடியவில்லை என்று பொருள்.

பீன்ஸ் விதைக்குமுன் மண்ணை நன்றாக நனைத்துவிட்டு, மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்ற வேண்டும். ஊன்றியபின் மேலே நீர் ஊற்றினால் மேல்மண் காய்ந்து ஓடுபோல் இறுகும், முளை வெளிவராது. முளைத்தபின் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நீர் தெளிப்பதைவிட, சில நாள்களுக்கு ஒருமுறை ஆழமாகப் பாய்ச்சுவதே நல்லது. அந்த நீரில் உப்பு அதிகம். ஆழமாகப் பாய்ச்சினால் உப்பு வேருக்குக் கீழே இறங்கிவிடும். பீன்ஸ் உப்பைச் சற்றும் தாங்காத பயிர். வெள்ளரிக்கு மட்டும் மண் காயவே கூடாது.

மெருகிடாத மண்பானையைக் கழுத்துவரை புதைத்து, நீர் நிரப்பி மூடிவைப்பது பழைய முறை. பானையின் நுண்துளை வழியாக நீர் கசிந்து வேருக்கு நேராகச் செல்லும். பாத்திமேல் காய்ந்த புல்லோ வைக்கோலோ ஒரு கையகல உயரத்துக்குப் பரப்பினால் ஈரம் நிற்கும். மாலை வெயில்தான் கடுமை என்பதால் மேற்குப் பக்கம் நிழல்வலை கட்டப்படுகிறது. வெள்ளரியின் பெண் பூவுக்கு ஆண் பூவின் மகரந்தத்தை விடியற்காலையில் கையால் தொட்டுவைத்தால் காய் பிடிக்கும்.

டெப்பாரி வளர்த்த மக்கள்

இந்த அறிவெல்லாம் அங்குள்ள பூர்வகுடி மக்களிடம் இருந்தது. பாலைவன மக்கள் என்று பொருள்படும் தோஹோனோ ஓதாம் இனத்தவர், மலையிலிருந்து மழைநீர் ஓடிவரும் ஓடைகளின் வாயில் வயல் அமைத்தனர். முட்செடிகளை வேலிபோல் அடுக்கி வெள்ளத்தின் வேகத்தைக் குறைத்து நிலமெங்கும் பரவச் செய்தனர். வெள்ளத்தோடு வந்த சருகும் விலங்குச் சாணமும் உரமாயின. கிணறும் கால்வாயும் இல்லாமலே டெப்பாரி விளைந்தது. வெளியார் இவர்களை முன்பு பாப்பாகோ என்று அழைத்தனர். டெப்பாரி உண்பவர்கள் என்பதே அதன் மூலப்பொருள் எனக் கூறப்படுகிறது. 1986-இல் அந்தப் பெயரைக் கைவிட்டுத் தங்கள் சொந்தப் பெயரையே அவர்கள் அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டனர்.

அவர்களின் உறவினரான அக்கிமெல் ஓதாம், அதாவது ஆற்று மக்கள், ஹிலா ஆற்றங்கரையில் வாழ்ந்தனர். 1849-இல் தங்கம் தேடி கலிபோர்னியாவுக்குச் சென்ற பயணிகளுக்கே தானியம் விற்கும் அளவுக்கு அவர்களிடம் விளைச்சல் இருந்தது. 1870-களுக்குப் பிறகு ஆற்றின் மேல்பகுதியில் குடியேறியவர்கள் நீரைத் திருப்பிக்கொண்டதால் கீழே ஆறு வற்றியது. வயல் காய்ந்தது, பஞ்சம் வந்தது. அரசு கொடுத்த மாவு, சீனி, பன்றிக் கொழுப்பு ஆகியவை உணவாயின. தோஹோனோ ஓதாம் குடும்பங்களும் கூலிக்குப் பருத்தி எடுக்கச் சென்றதில் ஓடைவாய் வயல்களைக் கவனிக்க ஆளில்லாமல் போயிற்று.

அதன் விலையை உடல் கொடுத்தது. உலகில் நீரிழிவு நோய் மிக அதிகமாகப் பதிவான சமூகங்களில் ஹிலா ஆற்று மக்களும் ஒன்று. இந்நோய் பரம்பரையால் மட்டும் வந்ததா என்ற கேள்விக்கு 2006-இல் வெளியான ஓர் ஆய்வு விடை தந்தது. மெக்சிகோ மலைப்பகுதியில் இன்னும் வயல்வேலை செய்து பயறும் சோளமும் உண்ணும் அதே வம்சத்தவரில் நீரிழிவு 6.9 விழுக்காடு, அரிசோனாவில் வாழ்பவர்களிடம் 38 விழுக்காடு. உணவும் உடலுழைப்பும் மாறியதுதான் பெரிய வேறுபாடு. டெப்பாரியின் மாவுச்சத்து மெதுவாகச் செரிப்பதால் இரத்தத்தில் சர்க்கரை சட்டென்று ஏறுவதில்லை. மலேசியாவிலும் மற்ற இனத்தவரைவிட இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம் என்பதால், இந்தக் கணக்கு நமக்குத் தூரத்துச் செய்தி அல்ல.

திரும்பி வந்த விதை

1983-இல் டூசானில் நேட்டிவ் சீட்ஸ் சர்ச் என்ற விதை அமைப்பு தொடங்கப்பட்டது. பாட்டன் பூட்டன் வளர்த்த பயிர்களின் விதை வேண்டும் என்று ஓதாம் மக்கள் கேட்டதே அதற்குத் தூண்டுதல். டூசான் அருகிலுள்ள சான் சேவியர் கூட்டுறவுப் பண்ணையில் இன்று டெப்பாரி மீண்டும் விளைந்து விற்பனைக்கு வருகிறது. 2004-இல் இயற்றப்பட்ட நீர்த் தீர்வுச் சட்டத்தின் மூலம் ஹிலா ஆற்றுச் சமூகத்துக்கு நீர் உரிமையும் கிடைத்தது. அதில் கணிசமான பங்கு 541 கிலோமீட்டர் நீளக் கால்வாய் வழியாகக் கொலராடோ ஆற்றிலிருந்து வருகிறது.

உலகமும் இப்போது டெப்பாரியைத் தேடுகிறது. சாதாரண பீன்சோடு டெப்பாரியைக் கலப்பினம் செய்து, சூட்டிலும் காய்க்கும் வகைகளைக் கண்டறிந்ததாகக் கொலம்பியாவில் இயங்கும் அனைத்துலக வேளாண் ஆய்வு மையம் 2015-இல் அறிவித்தது. பூமி சூடாகிவரும் காலத்தில், ஆப்பிரிக்காவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் பீன்சை நம்பி வாழும் கோடிக்கணக்கான ஏழைகளுக்கு இது முக்கியமானது.

டெப்பாரியைச் சமைப்பது எளிது. இரவு முழுவதும் ஊறவைத்து, மறுநாள் நீண்ட நேரம் வேகவைக்க வேண்டும். மற்றப் பயறுகளைவிட வேகச் சற்று நேரமாகும். வெந்தபின் கொட்டைபோன்ற மணமும் லேசான இனிப்பும் தெரியும். மறு விதைப்புக்கான பயற்றை மட்டும் வேகவைக்காமல் எடுத்து, உலர்த்திப் பத்திரப்படுத்துகின்றனர். அப்படி எடுத்துவைத்த குடும்பங்கள் சில இருந்ததால்தான் இந்தப் பயறு இன்று மிஞ்சியிருக்கிறது.